‘போய்ப் படி’ என்பதும் ‘வா, படிக்கலாம்’ என்பதும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சின்னக் குழந்தைகளையும் புத்தகங்களையும் பற்றியவை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. மூன்று வயதில் கதைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே சுற்றுவாள். இப்போது எழுத்தெல்லாம் தெரியும், சின்னச் சொற்களை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். ஆனால் புத்தகத்தை எடுத்தாலே ஓடிவிடுகிறாள். “உனக்குத்தான் படிக்கத் தெரியுமே, நீயே படி” என்று உற்சாகப்படுத்திப் பார்க்கிறேன். எங்கே தவறு செய்கிறேன் அம்மா?

பதில்: அந்த “நீயே படி”தான். உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை, ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இது நடக்கிறது. குழந்தை நாலு எழுத்து படிக்கத் தொடங்கியதும் நாம் சந்தோஷத்தில் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறோம்.

அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். மூன்று வயதில் புத்தகம் என்றால் அம்மாவின் மடி, அம்மாவின் குரல், சிங்கமும் யானையும் வரும் பெரிய கதை. ஐந்து வயதில் அதே புத்தகம் என்றால் தனியாக உட்கார்ந்து, விரல் வைத்து, ‘ப... ட... ம்... படம்’ என்று மூச்சு வாங்குவது. கதை எங்கேயோ போய்விட்டது. படிக்கக் கற்றதற்குப் பரிசாக அவளுக்குக் கிடைத்தது, மடி பறிபோனதுதான். ஓடாமல் என்ன செய்வாள்?

வாசிப்பு என்பது இரண்டு வேலை. எழுத்தைப் பார்த்து ஒலியாக்குவது ஒன்று, அந்த மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்வது இன்னொன்று. கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: இது பெருக்கல் அது. கூட்டல் என்று அவர்கள் எழுதவில்லை, ஏனென்றால் இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான். உங்கள் மகளுக்கு முதல் வேலை இப்போதுதான் நடை பழகுகிறது, இரண்டாவதோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. காதால் அவள் புரிந்துகொள்ளும் கதை ரொம்பப் பெரியது, கண்ணால் அவளே படிக்க முடிகிற கதை ரொம்பச் சின்னது. ஆரம்பப் பள்ளி வயது முழுக்கவும் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த இடைவெளி இருக்கும். அதுவரை பெரிய கதைகளை அவளுக்குக் கொண்டுவந்து தரும் ஆள் நீங்கள்தான்.

அதனால் இன்றிரவே பழையபடி மடியில் உட்காரவைத்து வாசியுங்கள். எழுத்துக்கூட்டும் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை, அது கட்டாயம் வேண்டும், தானாக வந்துவிடும் விஷயம் இல்லை. ஆனால் அதற்கு வேறு நேரம், வேறு புத்தகம், ஐந்து பத்து நிமிடம் போதும். கதை நேரத்தில் நடுவில் நிறுத்தி “இந்த எழுத்து என்ன, சொல்லு பார்க்கலாம்” என்று பரீட்சை வைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் மொழி சம்பந்தப்பட்டது. தமிழில் ‘படி’ என்ற ஒரே சொல்தான் பாடம் படிப்பதற்கும் கதை படிப்பதற்கும். வீட்டில் அந்தச் சொல் எப்போதெல்லாம் ஒலிக்கிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். டிவியை அணைக்கும்போது “போய்ப் படி”, விளையாட்டின் நடுவில் “போய்ப் படி”, கோபம் வந்தால் “போய்ப் படி”. எதையோ பிடுங்கிவிட்டு அனுப்பிவைக்கும் இடமாக அந்தச் சொல் அவள் மனதில் பதிந்துவிடுகிறது, அப்புறம் கதைப் புத்தகத்தைக் காட்டி அதே சொல்லைச் சொன்னால் அவளுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? ‘போ’வை எடுத்துவிட்டு ‘வா’ போட்டுப் பாருங்கள். “வா, படிக்கலாம்.”

கேள்வி: இரண்டரை வயது மகன், தினமும் ஒரே புத்தகம். ஒரு மாதமாக அதே முயல், அதே காடு. வேறு புத்தகம் எடுத்தால் அழுகை. அந்தப் புத்தகத்தை ஒளித்து வைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். புதிதாக எதுவும் கற்றுக்கொள்ளாமல் போய்விடுவானோ?

பதில்: தயவுசெய்து ஒளிக்காதீர்கள் அப்பா. அவன் உங்களைவிடச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

2011-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் மூன்று வயதுக் குழந்தைகளுக்கு ஒரு வாரம் கதை வாசித்தார்கள். சிலருக்கு அதே கதை திரும்பத் திரும்ப, மற்றவர்களுக்கு ஒவ்வொரு முறையும் புதுக் கதைகள். கதைகளுக்குள் இருந்த புதுச் சொற்கள் இரண்டு கூட்டத்துக்கும் அதே எண்ணிக்கையில்தான் காதில் விழுந்தன. ஆனால் அந்தச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள் அதே கதையைத் திரும்பக் கேட்ட பிள்ளைகள்தான். யோசித்தால் புரியும். முதல் முறை கேட்கும்போது என்ன நடக்கிறது என்று பிடிப்பதற்கே கவனம் முழுவதும் போய்விடுகிறது. கதை தெரிந்த பிறகுதான் சொல் காதில் விழுகிறது, படத்தின் மூலையில் இருக்கும் நத்தை கண்ணில் படுகிறது. அடுத்து என்ன வரும் என்று தெரிவதே அந்த வயதில் பெரிய சந்தோஷமும்கூட.

உங்களுக்கு அலுத்துப்போவது உண்மை, அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு வழி, வாசிக்கும் விதத்தை மாற்றுங்கள். ஒரு வரியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள், அவன் சொல்லுவான். இன்னொரு நாள் “இந்த முயல் ஏன் அழுகிறது?” என்று கேளுங்கள். ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாக இல்லாமல், அவன் கொஞ்சம் பேசவேண்டிய கேள்வியாக இருக்கட்டும். அவன் “முயல் விழு” என்று சொன்னால் “ஆமாம், முயல் பள்ளத்தில் விழுந்துவிட்டது” என்று நீட்டிச் சொல்லுங்கள். சரியாக இந்த முறையைத்தான் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 1988-இல் சோதித்தார்கள். உங்கள் மகன் வயதுக் குழந்தைகள், ஒரே ஒரு மாதம். அதே அளவு வாசித்தும் இப்படிப் பேசாத வீட்டுப் பிள்ளைகளைவிட, இந்தப் பிள்ளைகள் பேச்சில் பல மாத வளர்ச்சி முன்னே போயிருந்தார்கள். நான் குழந்தைகளுக்கு வாசிக்கத் தொடங்கிய காலத்தில் இதெல்லாம் தெரியாமல், அமைதியாக உட்கார்ந்து கேட்கும் குழந்தைதான் நல்ல குழந்தை என்று நினைத்திருந்தேன். நடுவில் பேசுகிற குழந்தையின் பேச்சுக்காகத்தான் இப்போது காத்திருக்கிறேன்.

சரி, அழுகைக்கு என்ன செய்வது? பழைய புத்தகத்தை முதலில் வாசித்துவிட்டு, பக்கத்தில் புதியதைத் திறந்து வையுங்கள். நீங்கள் மட்டும் பாருங்கள், கூப்பிடாதீர்கள். எட்டிப் பார்ப்பான்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குப் புத்தகம் வாங்கித் தந்தால் கடிக்கிறது. இன்னும் வயது வரவில்லை என்று எடுத்து வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த வயதில் எதையும் வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். தடித்த அட்டையில் செய்த புத்தகமாக, ஓரங்கள் உருண்டையாக இருப்பதாகக் கொடுங்கள், துணிப் புத்தகமும் நல்லது. கிழித்துத் துண்டை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் கைக்குழந்தைப் பருவத்திலேயே வாசித்துக் காட்டத் தொடங்குமாறு பெற்றோரிடம் சொல்லவேண்டும் என்று 2014-இலேயே தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. இரண்டு நிமிடம், ஒரு பக்கம், போதும். புரண்டு போய்விட்டால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரு புத்தகம் முடித்தால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர், பத்து நட்சத்திரத்துக்கு ஒரு பொம்மை என்று ஆறு வயது மகனுக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். நன்றாக வேலை செய்கிறது. தொடரலாமா?

பதில்: வேலை செய்வதுபோல் தெரியும். அவன் எப்படிப்பட்ட புத்தகங்களை எடுக்கிறான் என்று பாருங்கள். மெல்லியதாக, சீக்கிரம் முடிவதாகத் தேடத் தொடங்கியிருப்பான் என்று நினைக்கிறேன்.

1973-இல் நடந்த ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஆசை உள்ள குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினரிடம் “வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு முன்னால் எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது பகுதியினருக்கு ஒன்றுமே இல்லை. ஓரிரு வாரம் கழித்து அதே பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துப் பார்த்தபோது, பரிசு சொல்லி வரையவைத்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் பாதியளவுதான் வரைந்தார்கள். ஏற்கெனவே பிடித்திருந்த வேலை, பரிசு வந்ததும் பரிசுக்கான வேலையாக மாறிவிட்டது.

ஏற்கெனவே வாக்குக் கொடுத்த பொம்மையைக் கொடுத்துவிடுங்கள், வாக்கு மாறக் கூடாது. அப்புறம் சத்தமில்லாமல் அந்த அட்டவணையை எடுத்துவிடுங்கள். ஏதாவது தரவேண்டும் என்று தோன்றினால் புத்தகத்தோடு ஒட்டியதாகத் தாருங்கள். இன்றைக்கு விளக்கை அணைக்க இன்னும் பத்து நிமிடம், அல்லது அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. எது கிடைத்தாலும் படிப்பதற்கு இன்னும் கொஞ்சம் கிடைத்தது என்றே அவனுக்குத் தோன்றும்.

கேள்வி: புத்தகத்தில் ‘சென்றுகொண்டிருந்தது’, ‘வினவினான்’ என்றெல்லாம் வருகிறது. என் நான்கு வயதுக் குழந்தைக்குப் புரிவதில்லை. பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்லலாமா, அப்படியே வாசிக்கவேண்டுமா? மாற்றிச் சொன்னால் தமிழ் கெட்டுவிடும் என்கிறார் என் மாமனார்.

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி, ஏனென்றால் தமிழ்க் குழந்தைக்கு வாசித்துக் காட்டுவது ஏன் கூடுதல் அவசியம் என்பது இதில்தான் இருக்கிறது.

நம் வீட்டில் யாரும் ‘போய்க்கொண்டிருந்தது’ என்று பேசுவதில்லை, ‘போயிட்டிருந்துச்சு’ என்றுதான் பேசுகிறோம். வீட்டுத் தமிழை மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தை பள்ளிக்கூடத்தில் ‘போய்க்கொண்டிருந்தது’ என்ற நீளமான வார்த்தையை எழுத்து எழுத்தாகக் கூட்டி முடிக்கிறது, கூட்டி முடித்த பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல் என்று அதற்குத் தெரிவதில்லை. பாதி வழியில் ஒலி காதில் அடையாளம் பட்டால்தானே மீதியை ஊகிக்க முடியும்? அதற்குமேல் நம் எழுத்தில் க என்ற ஒன்றே கடலில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. எங்கே எப்படி ஒலிக்கும் என்பதைக் குழந்தை விதியாகப் படித்துத் தெரிந்துகொள்வதில்லை, சொல் முன்பே காதில் இருப்பதால் தெரிந்துகொள்கிறது. புத்தகத் தமிழ் காதில் விழ முக்கியமான வழி, யாராவது வாசித்துக் காட்டுவது.

அதனால் இரண்டுமே செய்யுங்கள். முதல் நாள் படத்தைக் காட்டி வீட்டுத் தமிழில் கதையைச் சொல்லிவிடுங்கள், முழுச் சுதந்திரத்தோடு. அடுத்த நாள் புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே வாசியுங்கள். கதை தெரிந்திருப்பதால் ‘வினவினான்’ வரும்போது ‘கேட்டான்’ என்று அவர்களே ஊகித்துக்கொள்வார்கள். ஊகிக்கவில்லையென்றால், “வினவினான்னா கேட்டான்” என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். அங்கே நின்று பாடம் எடுக்கவேண்டாம். உங்கள் மாமனார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, எப்போதுமே மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தத் தமிழ் குழந்தையின் காதுக்கு வந்தே சேராது. அவரையே இரண்டாம் நாள் வாசிக்கச் சொல்லுங்களேன்.

கேள்வி: எனக்கு அறுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இதை மகன் எழுதித் தருகிறான். பேத்தி புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் உட்கார்ந்துகொள்கிறாள். தப்பும் தவறுமாகப் படித்துக் குழந்தையைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஐயா, நீங்கள் கெடுக்க வாய்ப்பே இல்லை. அவள் உங்கள் மடியைத் தேடி வருகிறாள் என்றால் பாதி வேலை முடிந்துவிட்டது.

சொற்களே இல்லாத படப் புத்தகங்கள் இருக்கின்றன, மகனிடம் சொல்லி அவற்றைத் தேடி வாங்குங்கள். பக்கம் பக்கமாகப் படம் மட்டும்தான், கதையை நாம் சொல்லவேண்டும். இன்றைக்குச் சொன்ன மாதிரி நாளைக்குச் சொல்லவேண்டும் என்றுகூட இல்லை. எழுத்து உள்ள புத்தகமாக இருந்தாலும் படத்தைப் பார்த்து உங்கள் வாய்க்கு வந்த கதையைச் சொல்லலாம். குழந்தைகளின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள், பெரியவர்கள் வாசிக்கும்போது நான்கு வயதுக் குழந்தைகள் அனேகமாக எப்போதும் படத்தைத்தான் பார்க்கிறார்கள், எழுத்தை எப்போதாவதுதான்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது தடுமாறினால் மறைக்காதீர்கள். “இரு கண்ணு, தாத்தா இதைக் கூட்டிப் பார்க்கிறேன்” என்று விரல் வைத்துப் படியுங்கள். பெரியவர்களும் நின்று நிதானித்துத்தான் படிக்கிறார்கள் என்று பார்க்கும் குழந்தைக்கு, நாளைக்குத் தானே தடுமாறும்போது வெட்கம் வராது. அதைச் சரளமாக வாசிக்கும் எங்களால் கற்றுத்தர முடியாது ஐயா.

கேள்வி: டேப்லெட்டில் அசையும் படம், ஒலி எல்லாம் சேர்ந்த கதைகள் வருகின்றனவே, அதுவும் வாசிப்புதானே?

பதில்: பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து நீங்களே வாசித்தால் வாசிப்புதான். குழந்தையிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனால் அது பெரும்பாலும் படம் பார்ப்பது. பெற்றோரும் சின்னக் குழந்தையுமாக 37 ஜோடிகளை வைத்து 2019-இல் ஒரு ஆய்வு வந்தது. காகிதப் புத்தகத்தோடு இருந்தபோதுதான் இரண்டு பேரும் கதையைப் பற்றி அதிகம் பேசிக்கொண்டார்கள், மின் புத்தகத்தில் பேச்சு குறைந்தது. எதைத் தொடுவது, எதை அழுத்தக் கூடாது என்பதிலேயே கவனம் போய்விடுகிறது.

ஆனால் தமிழ்ப் புத்தகம் எளிதில் கிடைக்காத இடத்தில் இருப்பவர்களுக்குத் திரை ஒரு வரம்தான். பிரதம் புக்ஸ் என்ற குழந்தைப் புத்தகப் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ் உள்படப் பல மொழிகளில் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன, படிக்கும் நிலைக்கு ஏற்பப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். தாளில் அச்சிட்டுத் தைத்துக் கொடுத்துவிடலாம். வீட்டிலேயே தைத்த புத்தகத்தின் மேல் குழந்தைக்கு வரும் பாசம் தனி.

கேள்வி: ஏழு வயதாகிறது. மற்ற பிள்ளைகள் சரளமாகப் படிக்கிறார்கள், இவன் இன்னும் ‘கொ’வையும் ‘கெ’வையும் குழப்புகிறான், நேற்றுப் படித்த சொல்லை இன்று புதிதாகக் கூட்டுகிறான். சோம்பேறி என்கிறார்கள். அடிக்கவும் செய்துவிட்டேன், வருத்தமாக இருக்கிறது.

பதில்: வருத்தத்தை முதலில் அவனிடமே சொல்லுங்கள். “நேற்று நான் அடித்தது தப்பு” என்று. குழந்தைகள் அதைப் புரிந்துகொள்வார்கள்.

‘கொ’வில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் எழுத்து, மூன்றும் சேர்ந்து ஒரே ஒலி. 247 எழுத்துள்ள வரிவடிவத்தில் இதெல்லாம் பழக நாளாகும்தான். ஆனால் ஏழு வயதில், ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தும், நேற்றைய சொல் இன்று புதிதாகவே இருக்கிறதென்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள், அப்புறம் கற்றல் குறைபாடுகளைப் பார்க்கும் நிபுணரிடம் போங்கள். டிஸ்லெக்சியாவாக, அதாவது எழுத்தைப் படிப்பதில் வரும் கற்றல் குறைபாடாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எழுத்தில் படித்துவிட்டு நான் சொல்ல முடியாது. அதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தமில்லை, சோம்பலுக்கும் சம்பந்தமில்லை. சீக்கிரம் கண்டுபிடித்து முறையாகக் கற்றுத்தந்தால் நன்றாகவே பலன் கிடைக்கும்.

இடையில் அவனுக்கு நிறைய வாசித்துக் காட்டுங்கள், ஒலிப் புத்தகங்கள் கேட்கவிடுங்கள். கண் தாமதமாகிறது என்பதற்காக அவன் வயதுப் பிள்ளைகள் அறியும் கதைகளும் சொற்களும் அவனுக்குக் கிடைக்காமல் போகக் கூடாது.

கேள்வி: படக்கதைப் புத்தகம் மட்டும்தான் படிப்பேன் என்கிறாள், எட்டு வயது. தடுக்கலாமா?

பதில்: கூடாது. படிக்கட்டும்.

கேள்வி: இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டு வந்தால் இரவில் கண் திறக்க முடிவதில்லை. தினமும் அரைமணி நேரம் வாசிக்க முடியாத பெற்றோர் என்ன செய்வது?

பதில்: அரைமணி யார் சொன்னது? பத்து நிமிடம் போதும், ஐந்தும் போதும், தினமும் ஏறக்குறைய அதே வேளையில் என்பதுதான் முக்கியம். இரவு முடியவில்லையென்றால் காலையில் கிளம்பும் முன் வாசியுங்கள். விடுபட்ட நாளுக்காக மறுநாள் சேர்த்து வாசிக்க வேண்டாம். புத்தகங்களை அலமாரியில் பூட்டாமல், அட்டைப் படம் தெரியும்படி குழந்தைக்கு எட்டும் உயரத்தில் ஐந்தாறு மட்டும் வையுங்கள், நூலகத்திலிருந்து எடுத்து அவ்வப்போது மாற்றுங்கள். வாசித்துக்கொண்டே நீங்கள் தூங்கிப்போனால் அதுவும் பரவாயில்லை, குழந்தை மீதியைப் படம் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: எந்த வயதில் வாசித்துக் காட்டுவதை நிறுத்தலாம்?

பதில்: அவர்கள் “போதும்” என்று சொல்லும்போது. சிலர் ஒன்பது வயதில் சொல்வார்கள், சிலர் பன்னிரண்டிலும் சொல்லமாட்டார்கள். அப்படிச் சொன்ன பிள்ளைகளும் காய்ச்சலில் படுத்திருக்கும் நாளில் “கொஞ்சம் வாசியேன்” என்று கேட்பார்கள். அன்றைக்கு அவர்கள் கேட்பது அனேகமாகச் சின்ன வயதுப் புத்தகமாக இருக்கும், அதனால் அந்தப் பழைய முயல் புத்தகத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.